கூலர் மோட்டாரில் ஓடிய ஓடை

எங்கள் வீட்டில் அவள் இருந்த காலத்தில் எது உடைந்தாலும் உடைத்தது அவள்தான். அவள் வீட்டிலேயே இல்லாத நேரத்தில் உடைந்தாலும் அப்படித்தான். ஒருநாள் நான் கைதவறிப் போட்ட கண்ணாடி டம்ளரின் சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வெளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவள், "அய்யோ, நான்தாங்க்கா அதை மேடையோட ஓரத்துல வச்சிட்டுப் போனேன்" என்று என் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினாள். காலையில் டீகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடியவள் எந்த டம்ளரை எங்கே வைத்திருக்கப் போகிறாள்? எங்கோ இடி விழுந்தால்கூட மேகத்தை அனுப்பியது நான்தான் என்று சொல்லிவிடும் பெண் என்று என் கணவர் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். டெல்லிக்கு ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்தவள். மந்திர் மார்க்கில் குடியிருந்த, எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர்தான் அவளை அழைத்துவந்தார். நாங்கள் அப்போது லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தரைத்தளத்தில் இருந்தோம். வீடு என் வேலைக்காக என் பெயரில் ஒதுக்கப்பட்டது. பின்பக்கம் செங்கல் பாவிய ஒரு முற்றம், அதை ஒட்டி ஓர் அறை. அந்த அறையைத்தான் அவளுக்கு வாடகைக்கு விட்டோம். குவார்ட்டர்ஸில் வெளியாளை வாடகைக்கு வைக்கக்கூடாது. பிடிபட்டால் வீட்டைப் பறித்துக்கொள்வார்கள், ஆபீசில் விசாரணையும் வரும். ஆனாலும் எங்கள் வரிசையில் பல வீடுகளில் ஒரு 'மாமா பையன்' அல்லது 'அண்ணன் மகள்' இருக்கத்தான் செய்தார்கள்.

"யார் கேட்டாலும் என் சித்தி மகள்னு சொல்லு" என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவைத்தேன்.

"சரிக்கா" என்றவள் கொஞ்சம் யோசித்து, "உங்க சித்தி பேரு என்னக்கா? யாராவது கேட்டா சொல்லணும்லா" என்றாள். பொய்யைக்கூடத் தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று கவலைப்படுகிறவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவளுடைய ஆராய்ச்சி தண்ணீருக்கு மேலே நடக்கும் பூச்சிகளைப் பற்றியது. குளத்திலும் குட்டையிலும் எல்லோரும் பார்த்திருப்போம், நீண்ட கால்களை அகல விரித்துக்கொண்டு நனையாமல் ஓடுமே, அதுதான். அவற்றில் ஓடும் தண்ணீரில் வாழ்கிறவைதான் அவளுக்கு வேண்டும். டெல்லிக்குள் இருக்கிற ஓடையெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டியவை. அதனால் வடக்கே மலையடிவாரம்வரை பஸ்ஸில் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஈரத் துணிமேல் அவை ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன.

"தண்ணிப் பூச்சியைத் தண்ணியே இல்லாம கொண்டாந்திருக்கியே, பாவம் இல்லையா?" என்றேன்.

"தண்ணி ஊத்திக் கொண்டாந்தாத்தாங்க்கா செத்துரும். பஸ்ஸு குலுங்கும்லா, தண்ணி அதுகளைத் திரும்பத் திரும்ப அமுக்கி மூச்சுமுட்ட வச்சிரும். ஈரம் மட்டும் இருந்தாப் போதும்."

"அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு நான் குக்கரை அணைக்கப் போனேன்.

அவற்றைப் பல்கலைக்கழக லேபில்தான் வளர்க்க வேண்டும். அங்கே ஏன் வளர்க்கவில்லை என்று கேட்டால், அதிலும் இதே கதைதான். யாரோ குழாயை மூடாமல் போய் லேப் முழுக்கத் தண்ணீர் நின்றிருக்கிறது. யார் செய்தது என்று பேராசிரியர் எல்லோரையும் நிறுத்திக் கேட்டபோது இவள், "நானா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டாள்.

"அன்னைக்கு நீ டெல்லியிலேயே இல்லையே, மலைக்குல்ல போயிருந்தே?" என்றேன்.

"ஆமாக்கா. ஆனா யாருமே வாயத் தொறக்கல. அவரு காத்துக்கிட்டே நின்னாரு. பாக்கப் பாவமா இருந்துச்சு."

உன் தண்ணீர்த் தொட்டியை வேறு எங்காவது வைத்துக்கொள் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் அந்த ஓடை எங்கள் முற்றத்துக்கு வந்தது.

அகலமான பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகப் பிளந்து கொஞ்சம் சரிவாக வைத்தாள். தாழ்ந்த முனையில் ஒரு டப். அதற்குள் ஏர்கூலருக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார் ஒன்று. அது தண்ணீரை மேலே ஏற்ற, தண்ணீர் குழாய்வழி கீழே ஓடிவர, மறுபடி மேலே. நடுநடுவே மலையிலிருந்து பொறுக்கிவந்த கூழாங்கற்கள். மேலே வெயில் படாமல் என் பழைய வாயில் புடவை. மாடிவீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி இதைப் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு அவளுக்குக் 'கீடேவாலி' என்று பெயர் வைத்தார். பூச்சிக்காரி.

நானும் மாலையில் டீ டம்ளரோடு அங்கே போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. நின்ற தண்ணீரில் அந்தப் பூச்சிகள் ஓர் உதை உதைத்தால் போதும், வழுக்கிக்கொண்டு போய்விடும். ஓடுகிற தண்ணீரில் அந்தச் சொகுசு இல்லை. எல்லாம் தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கும். தண்ணீர் பின்னால் இழுக்கும், நடுக்கால் இரண்டையும் துடுப்புப் போல் போட்டு ஓர் எட்டு முன்னால் வரும், மறுபடி இழுக்கும், மறுபடி வரும். பார்க்கிறவர்களுக்கு அது சும்மா ஓரிடத்தில் நிற்பதாகத்தான் தெரியும். களைத்தால் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாகச் சுழலும் இடத்தில் போய் ஒதுங்கும். இன்னொரு சின்ன இனமும் இருந்தது. அதற்கு நடுக்காலின் நுனியில் மயிரால் ஆன ஒரு விசிறி. தண்ணீரில் காலை வைத்தால் தானாக விரியும், எடுத்தால் மூடிக்கொள்ளும். அதனால் வேகமான தண்ணீரின் நடுவிலேயே அது துணிந்து போகும். பூதக்கண்ணாடியில் அந்த விசிறியை எனக்குக் காட்டிய அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று ஒரு நாள்தான் அவள் எதற்கும் மன்னிப்புக் கேட்காமல் இருந்தாள்.

என் கணவருக்கும் இதில் ஒரு பங்கு கிடைத்தது. அவள் அவரை 'அத்தான்' என்று கூப்பிடுவாள். டெல்லியில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் மனிதர் உருகிவிட்டார். கொசு பேட்டால் அடித்ததையெல்லாம் பேப்பரில் சேர்த்துக்கொண்டுபோய்க் கொடுப்பார். "அத்தான், தானா அடிபட்டதைத் தாங்க. இதுகளுக்குன்னு அடிக்காண்டாம், அந்தப் பாவம் எனக்கு வந்துரும்" என்பாள். பூச்சிகள் பசியில் ஒன்றையொன்று தின்றுவிட்டால் அன்று இவள் சாப்பிடமாட்டாள். நேரத்துக்குத் தீனி போடாதது தன் குற்றமாம்.

அவள் கண்டுபிடிக்க விரும்பியது ஒரே ஒரு விஷயம்தான். குட்டையில் பிறக்கும் பூச்சிகளில் பலவற்றுக்கு இறக்கை இருக்கும். "குட்டை வத்திரும்லாக்கா, பறந்து போணும்லா" என்பாள். வற்றாத ஓடையில் பிறப்பவற்றில் பலவற்றுக்கு இறக்கையே இருக்காது. அது பரம்பரையாக வருவதா, அல்லது முட்டையிலிருந்து வெளிவந்த நாள்முதல் காலில் படும் ஓட்டத்தை வைத்து உடம்பு தீர்மானிப்பதா? இதைப் பார்க்க, எங்கள் முற்றத்திலேயே இறக்கையுள்ள பூச்சிகள் கல்லில் இட்ட முட்டைகளிலிருந்து குஞ்சுகளை ஓட்டம் நிற்காமல் வளர்த்தாள். கடைசித் தோலை உரித்து வெளியே வந்தால்தான் இறக்கை உண்டா இல்லையா என்று தெரியும். அவளுக்கு உதவித்தொகை அந்த ஆண்டோடு முடிகிறது. மழைக்காலம் போனால் மறுபடி முட்டை கிடைக்காது. அந்த ஒரு வரிசைக் குஞ்சுகள்தான் அவளுடைய படிப்பு முழுவதும்.

ஒரு ஜூன் மதியம் கரன்ட் போய்விட்டது. நான் லீவில் இருந்தேன். அவள் சட்டென்று டப்பின் பக்கத்தில் உட்கார்ந்து மக்கால் தண்ணீரை மொண்டு மேல்முனையில் ஊற்றத் தொடங்கினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. மாலை வெயில் இறங்கிய பிறகுதான் கரன்ட் வந்தது. சோற்றைப் பிசைய அவள் கை வரவில்லை. ஸ்பூனைக் கொடுத்தேன். "முற்றமெல்லாம் ஈரமாக்கிட்டேங்க்கா, சாரி" என்றாள்.

இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். மெல்ல மெல்லக் கெட்டுப்போவோம். மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு நான் மறந்துபோவேன். தண்ணீர் வழிந்து ஆன்ட்டியின் பால்கனியில் கொட்டும். அவர் கத்திக்கொண்டு வருவார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் "ஸாரி ஆன்ட்டி" என்பாள். முதல் முறை எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த முறை இல்லை. அதற்கடுத்த முறை அவள் பக்கத்தில் நிற்கும்போதே, "இந்தப் பொண்ணுக்கு ஞாபகமே இருக்கிறதில்லை ஜி" என்று நானே சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஆமோதித்தாள். என் கணவரும் கேஸ் சிலிண்டர் புக் செய்ய மறந்தால் அவளைத்தான் பார்ப்பார்.

மழை தொடங்கி டெங்கு சீசனும் வந்தது. வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும் கார்ப்பரேஷன் பெண் எங்கள் வரிசைக்கு வந்தாள். டார்ச்சும் தோளில் பையுமாக வருகிறவள். எங்கோ குடிசைப்பகுதியில் இருக்கும் தமிழ்ப்பெண்தான், அதனால் என்னிடம் தமிழில் பேசுவாள். அன்று சனிக்கிழமை, நான் வீட்டில்தான் இருந்தேன். ஓடையில் டார்ச் அடித்துப் பார்த்தாள். "இதுல ஒண்ணும் இல்ல மேடம், ஓடுது" என்றாள். பிறகு முற்றத்து மூலையில் இருந்த எங்கள் கூலரின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினாள். மழை வந்த பிறகு அதைப் போடுவதை நிறுத்தியிருந்தேன். உள்ளே இருந்த தண்ணீரை வடிக்கவில்லை. வடி, வடி என்று கணவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

"தேக்கோ மேடம், எப்படி நெளியுது பாருங்க. சலான் போடணும், அபராதம் கட்டணும். யார் பேர்ல எழுதட்டும்?"

 கூலர் என்னுடையது, மறதியும் என்னுடையது. ஆனால் என் வாய்க்கு அந்த நேரத்தில் காத்திருக்கும் பழக்கம் வந்துவிட்டிருந்தது. நான் எதிர்பார்த்ததுபோலவே, ஓடைப் பக்கத்தில் இருந்த இவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எம் பேர்லயே எழுதுங்க. நான்தான் தண்ணிய வடிக்காம விட்டுட்டேன்."

"நீங்க இந்த வீட்டுல யாரு?"

"நான் இங்க வாடகைக்கு இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டு போய்விட்டாள். பழியைத் தூக்கிக்கொள்ளும் அவசரத்தில் இவள் சித்தி மகள் கதையை மறந்துவிட்டாள். நான் அன்று அவளைத் திட்டினேன். உன்னை யார் பேசச் சொன்னது, என் வீடு போனால் நீயா கொடுப்பாய் என்றெல்லாம் கேட்டேன். அழுதாள். "எல்லாம் என்னாலதாங்க்கா" என்றாள். அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் பேராசிரியரைப் பார்க்கப் போய்விட்டாள். குஞ்சுகளில் ஒன்றிரண்டு கடைசித் தோலை உரிக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் சில நாள்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பயத்தில் லீவு போட்டிருந்தேன். பதினொரு மணிவாக்கில் மாடி ஆன்ட்டி இறங்கிவந்து, பக்கத்து பிளாக்கில் யாரோ அதிகாரிகள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வருகிறார்களாம் என்றார்.  அவளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நீங்க சிரமப்படாண்டாம். நான் உடனே கெளம்பி வாரேன். நானே எடுத்துட்டு டீச்சர் வீட்டுக்குப் போயிருதேன்."

"நீ வர்றதுக்குள்ள வந்துட்டாங்கன்னா? நானே எடுத்துட்டு வர்றேன், நீ நேரா மந்திர் மார்க் போ" என்றேன். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் வைத்துவிட்டேன்.

மோட்டாரை அணைத்தேன். தண்ணீர் நின்றது. அத்தனை வாரமாக ஒரே பக்கம் பார்த்து நின்ற பூச்சிகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பின. டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். எளிதாக இல்லை, துள்ளித் துள்ளி ஓடின. ஒன்றையும் நசுக்காமல் பிடித்தேன். நல்ல பெரிய பக்கெட்டாக எடுத்து, அவை வளர்ந்த அந்தத் தண்ணீரையே பாதிக்கு ஊற்றி, எல்லாவற்றையும் அதில் விட்டு, துப்பட்டாவால் வாயைக் கட்டினேன். தாராளமாகத் தண்ணீர் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆட்டோவில் பக்கெட்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, "ஜல்தி பையா, ஜல்தி" என்று விரட்டிக்கொண்டே போனேன். மழையில் ரோடெல்லாம் குழி. தண்ணீர் சளப் சளப் என்று என் புடவையை நனைத்தது.

டீச்சர் வீட்டு வாசலில் அவள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். கையில் அதேபோல் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நனைத்த துணி. பக்கெட்டைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு வந்து துப்பட்டாவை அவிழ்த்தாள். தண்ணீருக்கு மேலே எதுவும் இல்லை. எல்லாம் அடியில் கிடந்தன. சில துப்பட்டாவின் உள்பக்கம் ஒட்டியிருந்தன. ஒன்றை விரலில் எடுத்து முதுகைப் பார்த்தாள். அது தோலுரித்துப் பெரிதாகியிருந்தது.

"இறக்கை இல்லக்கா" என்றாள். "ஆனா ஒண்ண வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

 அவள்தான் பேசினாள். "தப்பு என்மேலதாங்க்கா. தண்ணி ஊத்தாதீங்கன்னு நான் போன்ல முதல்லயே சொல்லியிருக்கணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா, சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

திரும்பிவரும்போது காலிப் பக்கெட்டோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோதுதான், டப்பாவைத் திறந்து காட்டிய அன்றே அவள் எனக்குச் சொல்லியிருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. ஆட்டோவைத் திருப்பச் சொல்லவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவளுடைய துணிமணிகளை எடுத்துப்போக டீச்சர் மட்டும்தான் வந்தார்.

எங்கள் வீட்டுக்கு எந்த அதிகாரியும் வரவில்லை. பக்கத்து பிளாக்கில் வந்தவர்கள் மின்சார மீட்டர் மாற்றுகிறவர்கள். அடுத்த வாரம் கொசுப்புழுப் பெண் வந்தாள். கூலரைத் திறந்து பார்த்தாள், காய்ந்திருந்தது. "அந்தப் பொண்ணு எங்க மேடம்?" என்று கேட்டாள். ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். "அன்னைக்கு எழுதினத நான் குடுக்கவே இல்ல. அது முழிச்ச முழியப் பாத்தேன். நம்ம ஆளுங்க வீடுன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

அந்தப் பெண்ணின் படிப்பு முடியவில்லை. உதவித்தொகை நின்றதும் ஊருக்குப் போய்விட்டாள். இப்போது அங்கே ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். இதையெல்லாம் அவளே சொன்னாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள்தான் போன் செய்வாள். அந்தப் பக்கெட்டைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன்.

இந்தத் தீபாவளிக்கும் பேசினாள். நலம் விசாரித்து முடித்து, வைக்கப் போகும் நேரத்தில் நான் சொன்னேன். "அன்னைக்கு நீ எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தே. நான் காதுல வாங்கலை. கூலரும் நான் வடிக்காம விட்டதுதான். எல்லாமே என் தப்பு."

சொல்லிவிட்டு, "அய்யோ, விடுங்கக்கா, நான்தான்" என்று அவள் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்பதற்காகத்தான் சொன்னேன். அவள் பக்கம் ஒரு சரவெடி வெடித்து ஓய்ந்தது.

"ஆமாக்கா" என்றாள். "உங்க தப்புதான்."

கோபம் இல்லை. பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வதுபோல் சொன்னாள். அப்புறம், அத்தானுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை, மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொன்னேன்.